நிரந்தரவாசத்தை விட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்புவதா, இங்கேயே இருப்பதா? மகனுக்கு 13 ஆகும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

புங்கோல்வாசி

நானும் மனைவியும் இரு பிள்ளைகளும் சிங்கப்பூர் நிரந்தரவாசிகள், நான்கு பேருக்கும் இந்தியக் கடப்பிதழ். மகனுக்கு 11, தொடக்கநிலை 5. மகளுக்கு 7. நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மறுவிற்பனை வீடு, விற்கும் முன் கட்டாயமான ஐந்தாண்டு குடியிருப்புக் காலம் முடிந்தது. வெளிநாடு போனாலும் நிரந்தரவாசத்தோடு திரும்ப உதவும் மறுநுழைவு அனுமதி 2028 வரை. பெற்றோர் கும்பகோணம் பக்கம், இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். சென்னையில் ஆண்டுக்கு 40 லட்சம் என்று ஒரு வேலை பேச்சில் இருக்கிறது.

ஊர்ப்பாசம், பிள்ளைகள் எதிர்காலம் என்ற பேச்சு வீட்டிலேயே தினமும் நடக்கிறது. இங்கே வேண்டியது வேறு: எதை முதலில் செய்வது, எந்தத் தேதி தவறினால் என்ன போகும், எதைத் திரும்பப் பெறவே முடியாது?

குடமுருட்டி

சார், முதலில் வரைபடத்தைப் பாருங்கள். நீங்கள் போகப்போவது சென்னைக்கு. பெற்றோர் இருப்பது கும்பகோணத்தில். இங்கிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் நான்கு மணி நேரம் சொச்சம், அங்கிருந்து கும்பகோணம் காரில் இரண்டு மணி நேரம். சென்னையிலிருந்து ரயிலில் போனாலும் ஆறு மணி நேரம் ஆகிவிடும், அதுவும் வெள்ளிக்கிழமை இரவு டிக்கெட் கிடைத்தால். அவசரத்துக்கு ஓடிப்போகும் நேரத்தில் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. செலவும் விடுப்புத் தொல்லையும் குறையும், அவ்வளவுதான்.

பெற்றோருக்காகத்தான் போகிறீர்கள் என்றால் அவர்கள் சென்னைக்கு வருவார்களா என்பதை இப்போதே கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் வரமாட்டார்கள். அப்படியானால் திருச்சியில் நவல்பட்டு எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா, தஞ்சாவூரில் 2024-ல் திறந்த டைடல் நியோ, அல்லது வீட்டிலிருந்தே செய்கிற வேலை என்று தேட வேண்டும். சம்பளம் சென்னை அளவுக்கு வராது. அந்தக் குறைந்த தொகையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா?

முன்னாள் படைவீரர்

மகன் விஷயத்தைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். உங்கள் கணக்கில் மற்ற எல்லாத் தேதிகளையும் நகர்த்தலாம், அவன் வயதை நகர்த்த முடியாது.

பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் பெற்ற பையனுக்குத் தேசிய சேவைக் கடமை உண்டு. பதினாறரை வயதில் பதிவு, 18-ல் சேர்ப்பு, இரண்டு ஆண்டு முழுநேரச் சேவை, அதன் பிறகு போர்க்காலப் படையாளர் பயிற்சி (சேவை முடித்தவர்களை மீண்டும் அழைப்பது). பலருக்குத் தெரியாதது இதற்கு முந்தைய கட்டம். 13 வயது முடிந்துவிட்டால், மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்க வெளியேற்ற அனுமதி வாங்க வேண்டும். இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேல் என்றால் பிணையும் கேட்பார்கள்: குறைந்தது 75,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அல்லது பெற்றோர் இருவரின் முந்தைய ஆண்டு மொத்த வருமானத்தில் பாதி, எது அதிகமோ அது. நீங்கள் இருவரும் சேர்ந்து ஆண்டுக்கு 2 லட்சம் வெள்ளி சம்பாதித்தால் பிணை 1 லட்சம்.

நிரந்தரவாசத்தையே விட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதற்கும் விலை உண்டு. சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தை விட்ட பையன் பின்னாளில் இங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பித்தால் அது பாதகமாகவே பார்க்கப்படும். அவனை மட்டும் விடவைத்துவிட்டு நீங்கள் மூவரும் இங்கே தொடரலாம் என்று நினைத்தால், உங்கள் மறுநுழைவு அனுமதிப் புதுப்பிப்பிலும் குடியுரிமை விண்ணப்பத்திலும் அதைக் கணக்கில் எடுப்பார்கள். ஆக முடிவு நால்வருக்கும் சேர்த்துத்தான்.

ஜூரோங் தம்பி

இவ்வளவு யோசிக்கணுமா? நிரந்தரவாசத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு வருசம் போய் இருந்து பாருங்களேன். பிடிக்கலைன்னா திரும்பி வந்துடலாம். அனுமதிதான் 2028 வரை இருக்கே.

வீட்டுச்சாவி

தம்பி, கேட்க நன்றாக இருக்கிறது. அந்த ஒரு வருடத்துக்கு என்ன ஆகும் பாருங்கள். நிரந்தரவாசிகள் வீவக வீட்டை முழுதாக வாடகைக்கு விட முடியாது. பூட்டிப் போட்டால் கடனும் நகரமன்றக் கட்டணமும் சொத்து வரியும் ஓடும். மசேநிதி (மத்திய சேமநிதி) பணத்தை எடுக்க முடியாது. இங்கே வேலை இல்லாத நிலையில் மறுநுழைவு அனுமதி புதுப்பிப்பு எப்படி வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. 2025 டிசம்பர் 1 முதல், வெளிநாட்டில் இருக்கும்போது அனுமதி காலாவதியானால் 180 நாளுக்குள் புதியதற்கு விண்ணப்பிக்க அவகாசம் உண்டு. விண்ணப்பிக்கத்தான் அவகாசம், கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இதற்கிடையில் பையனுக்கு 13 ஆகிவிடும். இருக்கிற வழிகளிலேயே செலவு பிடித்தது இதுதான்.

வீடு விற்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாங்கும் உரிமையைத் தரும் விருப்ப ஆவணம் கொடுத்து, வாங்குபவர் 21 நாளுக்குள் உறுதி செய்து, வீவக விண்ணப்பத்தை ஏற்ற பிறகு ஏறக்குறைய எட்டு வாரம். ஆள் தேடும் காலத்தையும் சேர்த்தால் நான்கு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மவர்களுக்குக் கூடுதலாக ஒன்று உண்டு: இன ஒருங்கிணைப்புக் கொள்கை, அதாவது ஒரு புளோக்கில் ஒவ்வோர் இனத்துக்கும் இவ்வளவுதான் என்ற வரம்பு. உங்கள் புளோக்கில் சீனர் விகிதம் நிரம்பியிருந்தால் சீனர் ஒருவர் உங்களிடம் வாங்க முடியாது. வாங்க வருவோர் எண்ணிக்கை சட்டென்று சுருங்கும், விலையும் இறங்கும், மாதங்களும் கூடும். வீவக இணையச் சேவையில் புளோக் எண்ணைத் தட்டினால் இந்த மாத நிலை தெரியும், மாதாமாதம் மாறும். முகவரைக் கூப்பிடும் முன் அதைப் பாருங்கள்.

விற்ற தொகை முழுதும் கைக்கு வராது. வீட்டுக்காக மசேநிதியிலிருந்து எடுத்ததும் அதற்கு 2.5 விழுக்காடு சேர்ந்த வட்டியும் முதலில் உங்கள் கணக்குக்கே திரும்பும். திரும்பிப் போகிறவருக்கு அது நட்டமில்லை, பிறகு அதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சென்னையில் வீட்டுக்கு முன்பணம் கட்ட அந்தத் தொகையை நம்பியிருந்தால் சில மாதம் கையைக் கடிக்கும்.

கணக்குப்பிள்ளை

வரிசையைச் சொல்கிறேன். பலர் இதைத்தான் தலைகீழாகச் செய்கிறார்கள்.

வீட்டு விற்பனை முடிய வேண்டும். பிறகு வேலையின் கடைசி நாள். அதன் பிறகுதான் நிரந்தரவாசத்தைத் துறப்பது. முன்னாலேயே துறந்துவிட்டால் மீதி நாள்களுக்கு வேலை அனுமதி இல்லாமல் வேலை பார்க்க முடியாது. துறந்த சான்று கையில் வந்ததும் மசேநிதிக் கழகத்தில், சிங்கப்பூரை விட்டு நிரந்தரமாக வெளியேறுகிறோம், இங்கே வேலைக்கோ வசிக்கவோ திரும்பும் எண்ணம் இல்லை என்ற அடிப்படையில் முழுத்தொகைக்கு விண்ணப்பம். அதிலுள்ள மருத்துவச் சேமிப்பான மெடிசேவும் சேர்ந்தே வரும்.

நிரந்தரமாக வெளியேறுகிறீர்கள் என்று தெரிந்ததும் நிறுவனம் ஐஆர்21 என்ற வரித் தீர்வுப் படிவத்தை, கடைசி நாளுக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னால், வரித்துறைக்கு அனுப்ப வேண்டும். அதோடு உங்களுக்குத் தர வேண்டிய பணம் எல்லாவற்றையும் பிடித்து வைப்பார்கள். வரித் தீர்வு வரும்வரை, அல்லது படிவம் போய்ச் சேர்ந்து 30 நாள்வரை, எது முந்தியதோ அதுவரை. கடைசி மாதச் சம்பளத்தை நம்பி விமான டிக்கெட், பள்ளிக் கட்டணம் என்று திட்டம் போடாதீர்கள். நிறுவனப் பங்கு விருப்பம் (ஸ்டாக் ஆப்ஷன்) இருந்தால் இன்னும் கவனம்: இன்னும் பயன்படுத்தாததையும் பயன்படுத்தியதாகவே கருதி வரி போடும் விதி இருக்கிறது.

சிங்கப்பூர் வங்கிக் கணக்கை மூடாதீர்கள். மசேநிதிப் பணம் முதலில் அங்கே வந்து விழட்டும். காரணம் இந்திய வரிச் சட்டத்தில் இருக்கிறது. திரும்பி வந்த புதிதில் உங்களுக்கு 'வசிப்பவர், ஆனால் சாதாரணமாக வசிப்பவர் அல்ல' என்ற நிலை கிடைக்கும். அந்த நிலையில் வெளிநாட்டு வருமானத்துக்கு இந்தியாவில் வரி இல்லை. ஆனால் முதன்முதலாக இந்தியாவில் கைக்கு வந்த வருமானம் என்றால் அந்த விலக்கு பேசாது. வெளியே பெற்று, பிறகு அனுப்புவதுதான் சுத்தம்.

இனி எந்த மாதம் போவது. இதில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் கிடைக்கும் ஆலோசனை எப்போதும் 'பிப்ரவரிக்கு மேல் வா' என்பதுதான். நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது, பிப்ரவரி 1-ல் வந்தால் அந்த ஆண்டில் 59 நாள்தான், 60 நாள் வரம்பைத் தொடாது, அந்த ஆண்டு வெளிநாட்டில் வசிப்பவராகவே முடியும். சரிதான். ஆனால் அதனால் மொத்தத்தில் எவ்வளவு லாபம் என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

'சாதாரணமாக வசிப்பவர் அல்ல' என்ற அந்தச் சலுகை நிலைக்கு விதி இரண்டு: முந்தைய பத்து ஆண்டில் ஒன்பது ஆண்டு வெளிநாட்டில் வசிப்பவராக இருந்திருக்க வேண்டும், அல்லது முந்தைய ஏழு ஆண்டில் இந்தியாவில் இருந்தது 729 நாளுக்குள் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று போதும். பத்தாண்டுக்கு மேல் இங்கே இருந்தவர் என்று வைத்துக்கொள்கிறேன்.

2027 பிப்ரவரி 1-ல் போனால் சலுகை நிலை 2029 மார்ச்வரை. 2027 மே மாதம் போனாலும், ஆண்டுக்கு ஒருமுறை ஊர் போய் வருகிறவர் என்றால், அதே 2029 மார்ச்வரைதான். 2026 அக்டோபர் 1-ல் போனால்? அந்த நிதியாண்டில் 182 நாள், வசிப்பவர் ஆகிவிடுவீர்கள், ஆனால் சலுகை நிலையுடன். அடுத்த ஆண்டும் சலுகை. மூன்றாம் ஆண்டுக்கு நாள் கணக்கு: 182 கூட்டல் 366, மொத்தம் 548. 729-ல் மீதி 181. முந்தைய ஐந்து ஆண்டில் விடுமுறைக்குப் போன நாள்கள் ஆண்டுக்குச் சராசரி 36-க்குள் இருந்தால் (போகும் ஆண்டில் அக்டோபருக்கு முன் போய் வந்திருந்தால் அதையும் கழித்துக்கொள்ளுங்கள்) மூன்றாம் ஆண்டும் சலுகை, அதாவது மறுபடியும் 2029 மார்ச்வரை. மூன்று பேருக்கும் முடிவது ஒரே நாளில். அக்டோபரில் போனவருக்குக் காலம் அதிகம், மே மாதம் போனவருக்குக் குறைவு. ஆகவே பிப்ரவரி என்பது வேதவாக்கு அல்ல. கடப்பிதழ் முத்திரைகளை வைத்து ஏழு ஆண்டு நாள்களை எண்ணிப் பாருங்கள், பத்து நாள் வித்தியாசம் ஓராண்டைத் தின்றுவிடும். கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனிக் கணக்கு.

வங்கி விஷயத்தில் இந்தக் கணக்கு செல்லாது. அந்நியச் செலாவணிச் சட்டப்படி தங்கும் எண்ணத்தோடு இறங்கிய நாளிலிருந்தே நீங்கள் வசிப்பவர். வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளை உடனே சாதாரணக் கணக்காக மாற்றச் சொல்ல வேண்டும், என்ஆர்இ வைப்பின் வட்டி விலக்கும் அதோடு போகும். எஃப்சிஎன்ஆர் என்ற வெளிநாட்டு நாணய வைப்பை முதிர்வுவரை அப்படியே விடலாம், பிறகு திரும்பி வந்தவர்கள் வெளிநாட்டு நாணயம் வைக்கும் ஆர்எஃப்சி கணக்குக்கு மாற்றலாம். சலுகை நிலை இருக்கும்வரை அந்த வட்டிக்கு வரி இல்லை. போவதற்கு முன்பே நீண்டகால எஃப்சிஎன்ஆர் போட்டு வைப்பது இதனால்தான்.

புங்கோல்வாசி

நன்றி சார். சம்பளத்தை எப்படி ஒப்பிடுவது? நாணய மாற்று விகிதத்தில் பெருக்கினால் 40 லட்சம் மோசமில்லை என்று தோன்றுகிறது.

கணக்குப்பிள்ளை

பெருக்கவே வேண்டாம், மிச்சத்தை மட்டும் பாருங்கள். 40 லட்சம் முழுதும் சம்பளம் என்றே வைத்தாலும், புதிய வரி முறையில் 75,000 கழிவு போக வரி 7,57,500, அதன் மேல் 4 விழுக்காடு சேர்த்து 7,87,800 ரூபாய். நிறுவனம் சொல்லும் 40-ல் அவர்கள் கட்டும் வருங்கால வைப்பு, பணிக்கொடை, ஆண்டிறுதியில் வந்தாலும் வரும் ஊக்கத்தொகை எல்லாம் அடக்கமாக இருக்கும். கைக்கு மாதம் இரண்டே காலிலிருந்து இரண்டரை லட்சம் என்று வையுங்கள். இங்கே வரிக்குரிய வருமானம் 1,20,000 வெள்ளி என்றால் வரி 7,950.

மறந்துபோவது மசேநிதி. 2026 முதல் மாதச் சம்பள உச்சவரம்பு 8,000 வெள்ளி. 55 வயதுக்குக் கீழ் இரு பக்கமும் சேர்த்து 37 விழுக்காடு, ஆக மாதம் 2,960 வெள்ளி உங்கள் பெயரில் சேர்கிறது, வட்டியோடு. இன்னும் ஓராண்டு தங்கினால் கிடைப்பதில் பெரும் பங்கு இதுதான்.

ஈசூன் அக்கா

பள்ளிக்கு வருகிறேன். 2027-ல் மகன் தொடக்கநிலை 6, ஆண்டு இறுதியில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. அந்தத் தேர்வு முடிவுக்குத் தமிழ்நாட்டில் எந்த மதிப்பும் இல்லை. இங்கே தங்குவதாக இருந்தால்தான் அது தேவை. போவது உறுதி என்றால் அதற்காக ஓராண்டு டியூஷன் பணம் கட்டிக் காத்திருக்காதீர்கள்.

சிபிஎஸ்இ ஏப்ரலில் தொடங்கும், மாநிலப் பாடத்திட்டம் ஜூனில். 12 வயதுப் பையன் ஏழாம் வகுப்பு. நடு ஆண்டில் நவம்பரில் போய் நின்றால் இடமும் கிடைக்காது, ஏழில் பாதிப் பாடம் போயிருக்கும். ஒன்பதாம் வகுப்பில் வாரியப் பதிவு வந்துவிடும், அதற்குப் பின் மாற்றுவது பெருந்தொல்லை. ஆக எட்டாம் வகுப்புத் தொடக்கம்தான் சௌகரியமான கடைசி வாசல். ஏழு அதைவிட நல்லது.

தமிழைப் பற்றி இங்குள்ள பெற்றோர் அதிகம் நம்பிக்கை வைக்கிறார்கள். இங்கே தாய்மொழித் தமிழில் பேசுவதற்கும் கேட்டுப் புரிவதற்கும் நிறைய இடம். அங்கே ஏழாம் வகுப்பில் செய்யுள் மனப்பாடம், இலக்கணக் குறிப்பு, நீண்ட விடை. 2006-ம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புவரை தமிழ் கட்டாயம், சிபிஎஸ்இ பள்ளிக்கும் சேர்த்து. சிபிஎஸ்இ-யில் மூன்றாவது மொழி வேறு. இப்போதிருந்தே வாரம் இரண்டு நாள் தமிழ்நாட்டு ஆறாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். மாநிலப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கணக்கில் பையன் தாக்குப்பிடிப்பான். சமூக அறிவியல்தான் புதிது.

பிறப்புச் சான்று, பள்ளி விலகல் கடிதம் இரண்டுக்கும் வெளிநாட்டில் செல்லுபடியாகச் செய்யும் அப்போஸ்டில் முத்திரையை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள், சிங்கப்பூர்ச் சட்டக் கழகத்தில் தருகிறார்கள். ஊருக்குப் போன பிறகு அதற்காக ஆள் அனுப்புவது வீண் அலைச்சல்.

தெம்பனிஸ் மாமா

எல்லாரும் போவதற்கே வழி சொல்கிறீர்கள். இருப்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. தேசிய சேவையைச் சுமையாக மட்டுமே பேசுவது எனக்கு ஒப்பவில்லை. பையன் இங்கேயே வளர்ந்தவன், இரண்டு ஆண்டு சேவை முடித்தால் அவனுக்கு இந்த ஊரில் கேள்வியே இல்லாத இடம் கிடைக்கும். போய்விட்டு 45 வயதுக்கு மேல் நீங்கள் திரும்ப நினைத்தால் நிலைமை என்ன? 2025 ஜனவரி முதல் எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு (வெளிநாட்டு வல்லுநருக்கான வேலை அனுமதி) அந்த வயதில் குறைந்தபட்சச் சம்பளம் 10,700 வெள்ளி, நிதித்துறை என்றால் 11,800. அதோடு காம்பஸ் என்ற தகுதி மதிப்பீட்டில் 40 புள்ளி வேண்டும். சென்னைச் சம்பளத்தைக் காட்டி அந்த இடத்துக்கு ஏறுவது லேசில்லை. வாசல் உள்ளேயிருந்துதான் சுலபமாகத் திறக்கும்.

பெற்றோரை நீண்டகால வருகை அனுமதியில் அழைக்க நிரந்தரவாசி விண்ணப்பிக்கலாம். கிடைத்தாலும் மருத்துவத்துக்கு மானியம் இல்லை. எழுபது வயதில் ஒரு வாரம் மருத்துவமனை என்றால் பில் கனமாக இருக்கும், அதை மறைக்கவில்லை.

குடமுருட்டி

மாமா சொன்னதோடு நிலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கும்பகோணம் பக்கம் என்றால் நஞ்சை ஏதாவது இருக்கும். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியரோ, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினரான ஓசிஐ அட்டைக்காரரோ விவசாய நிலத்தை விலைக்கு வாங்கவும் முடியாது, தானமாகப் பெறவும் முடியாது. வாரிசுரிமையில் வந்தால் வைத்துக்கொள்ளலாம். அதனால் அப்பா 'இப்போதே தான செட்டில்மென்ட் எழுதிவிடுகிறேன்' என்று பத்திரப் பதிவு அலுவலகத்துக்குக் கிளம்பினால் தடுத்து, உயிலாக எழுதச் சொல்லுங்கள். வீட்டு மனைக்கு இந்தத் தடை கிடையாது. இந்தியக் குடிமகனாகவே திரும்பி ஊரில் வசிக்கத் தொடங்கிய பிறகு நிலத்துக்கும் தடை இல்லை.

புங்கோல்வாசி

எல்லாவற்றையும் சேர்த்தால் இப்படி வருகிறது, சரியா பாருங்கள். 2027 ஏப்ரலில் மனைவியும் பிள்ளைகளும் போய் மகன் ஏழாம் வகுப்பில் சேர்வது. நான் இங்கே இருந்து வீட்டை விற்று, அக்டோபரில் வேலையை முடிப்பது. அவனுக்கு 13 ஆவது 2028-ல். அதற்குள் நால்வரும் நிரந்தரவாசத்தைத் துறந்திருப்போம்.

முன்னாள் படைவீரர்

பையன் வரைக்கும் சரி. ஏப்ரலில் போகும்போது அவனுக்கு 12, வெளியேற்ற அனுமதி தேவையில்லை.

கணக்குப்பிள்ளை

வரிக்கும் சரி. 2027 அக்டோபரில் போனால் உங்கள் சலுகை நிலை 2030 மார்ச்வரை நீள வாய்ப்பு உண்டு. மனைவிக்கு 2029 மார்ச்சோடு முடியும், ஆகவே அவர் பெயரில் உள்ள வெளிநாட்டு வைப்புகளை அதற்குள் ஒழுங்கு செய்யுங்கள். சாதாரண வசிப்பவர் ஆனதும் சிங்கப்பூரில் மிச்சம் வைத்திருக்கும் கணக்கு, பங்கு எல்லாவற்றையும் வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். காட்டத் தவறினால் அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை. அசையாச் சொத்து நீங்கலாக மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் 2024 அக்டோபர் முதல் அந்த அபராதம் இல்லை, ஆனாலும் காட்டிவிடுங்கள்.

வீட்டுச்சாவி

வீட்டை ஜூனில் சந்தைக்குக் கொண்டுவாருங்கள், ஆகஸ்ட் என்றால் அக்டோபருக்குள் முடியாது. மனைவி பெயரும் பத்திரத்தில் இருந்தால், விற்பனை முடியும் நாளில் அவர் வர முடியாவிட்டால் இங்குள்ள வழக்கறிஞர் மூலம் அதிகாரப் பத்திரம் தேவைப்படும். ஏப்ரலில் கிளம்பும் முன் அதைப் பேசிவிடுங்கள். முக்கியமாக, விற்பனை முடியும்வரை அவரும் துறக்கக் கூடாது.

ஈசூன் அக்கா

சிபிஎஸ்இ பள்ளிச் சேர்க்கை ஏப்ரலில்தான் என்று நினைத்து மார்ச்சில் தேடாதீர்கள். பெயருள்ள பள்ளிகளில் டிசம்பர், ஜனவரியிலேயே விண்ணப்பம் ஓடும்.

தெம்பனிஸ் மாமா

போவது என்று முடிவானால் ஒன்றை மட்டும் இந்த மாதமே செய்யுங்கள்: இந்தியாவில் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு. துறந்த நாளோடு இங்குள்ள அடிப்படை மருத்துவக் காப்பீடான மெடிஷீல்டு லைஃப் போய்விடும். அங்கே ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டு வரை போகும். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு எதையும் மறைக்காமல் எழுதி இப்போதே எடுத்தால், 2027-ல் இறங்கும்போது அதில் ஒரு பகுதி கழிந்திருக்கும். பெற்றோருக்கும் பாருங்கள். 65-க்கு மேல் புதிய பாலிசி கூடாது என்ற வரம்பை 2024-ல் எடுத்துவிட்டார்கள். பிரீமியம் கடுமையாக இருக்கும், கூட்டுக் கட்டணம் (பில்லில் நாம் கட்ட வேண்டிய பங்கு) எத்தனை விழுக்காடு என்று பாலிசியில் தேடிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

புங்கோல்வாசி

புளோக் இன விகிதம் இப்போதுதான் பார்த்தேன். சீனர் பிரிவு நிரம்பியிருக்கிறது.

வீட்டுச்சாவி

அப்படியானால் ஜூன் வேண்டாம், மார்ச்சிலேயே விளம்பரம் போடுங்கள். ஒவ்வொரு மாதமும் தொடக்கத்தில் மறுபடி பாருங்கள், திறந்த மாதத்தில் விருப்ப ஆவணம் கொடுத்து, அதே மாதத்துக்குள் விண்ணப்பமும் போய்விட்டால் விலை வேறு.